சிவப்புக் கோடு, நீலக் கோடு

சண்டிக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்று சொல்கிறவர்கள் எல்லாம், விளம்பர மேலாளர்களின் வரவேற்பறையில் ஒரு மணி நேரம்கூட உட்காராதவர்கள். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். குளிர் எலும்பு வரை இறங்கும். மேசையில் இரண்டு வருடப் பழைய பத்திரிகை கிடக்கும். "இப்ப வந்துடுவாரு" என்று அங்கே இருக்கும் பெண் பன்னிரண்டு தடவை சொல்லும். பதின்மூன்றாவது தடவையில் பூமாதேவிக்கே பல்லைக் கடிக்கத் தோன்றும். சண்டி பூமாதேவி இல்லை. அவள் ஆறாவது தடவையிலேயே கடித்துவிடுவாள்.

அந்தப் பெயர் அப்பா வைத்தது. மூன்று வயதில் நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த அன்று, "இது பிள்ளையா, சண்டி மாடா?" என்று கேட்டார். அது ஒட்டிக்கொண்டது. இப்போது முப்பத்தாறு வயது. அப்பா போய்விட்டார். பெயர் இருக்கிறது, அடமும் இருக்கிறது.

பிழைப்புக்கு ஒரு கூரியர் கம்பெனியின் பட்டறை. நூற்று நாற்பது ஸ்கூட்டர்களுக்கும் அவள்தான் மருத்துவச்சி. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் தேய்த்த பிரேக்கையும் அடுத்தவர் முறித்த கண்ணாடியையும் சரிசெய்வாள். ஏழாவது நாள், கைவிட்ட கல் குவாரி ஒன்றில் தன் வண்டியை ஏற்றி இறக்குவாள். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, கீழே கொல்லைப் பக்கம் தகரம் போட்ட கொட்டகை. அறையில் அவள் தூங்குவாள், கொட்டகையில் வண்டி தூங்கும். இரண்டில் எதற்கு நல்ல பூட்டு என்று கேட்கவே வேண்டாம்.

அந்த வண்டியை எடுத்துக்கொண்டு அவள் போக நினைத்தது ஒரு வெளிநாட்டுப் பாலைவனத்துக்கு. பதினோரு நாள் பைக் ரேஸ், நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரோடு கிடையாது. ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் சுருட்டி வைத்த வழித்தாளைப் பார்த்துக்கொண்டே எந்த மேட்டில் ஏறுவது, எந்தப் பள்ளத்தில் விழாமலிருப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அதில் பணக்காரர்களும் ஓடுவார்கள். அவர்களுக்கு மெக்கானிக் தனி, சமையல்காரர் தனி, கால் பிடித்துவிட ஆள் தனி. சண்டி ஓட இருந்தது தனியாள் பிரிவு. ஒரு கூடாரம், ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். பகலெல்லாம் ஓட்டி, சாயங்காலம் தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்ட வேண்டும். வேறு யாராவது ஒரு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தால்கூட ஆட்டத்திலிருந்து தள்ளிவிடுவார்கள்.

அதற்குத் தகுதிப் போட்டியில் தேறியாகிவிட்டது. கஷ்டமான பாகம் முடிந்தது என்று நினைத்தாளே, அதுதான் அவள் வாழ்க்கையிலேயே செய்த பெரிய வேடிக்கை. மணலில் ஓட்டுவது எளிது. அதற்குப் பணம் கேட்டுப் போவது கல்லில் நார் உரிப்பது.

ஒரு வங்கியில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஆயுள் காப்பீடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிளாஸ்டிக் குழாய் கம்பெனி இரண்டு டஜன் தொப்பி கொடுத்தது. ஒரு செல்போன் கடைக்காரர், "எத்தன பேரு உங்கள ஃபாலோ பண்றாங்க?" என்று கேட்டார். "போன ரேஸ்ல நாப்பத்தாறு பேரு. எல்லாரும் எனக்குப் பின்னாலதான் வந்தாங்க" என்றாள். அவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. சத்துமாவு விற்கிற இன்னொரு மனிதர், அவள் கொண்டுபோன கோப்பைப் புரட்டிக்கொண்டே, "இதுல நீங்க விழுந்து கால் ஒடிஞ்ச போட்டோ இல்லியே, அது இருந்தா நல்லாருக்குமே" என்றார். கோப்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கால் ஒடிந்தது உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஹேண்டில்பாரை வண்டியோடு இறுக்கிப் பிடித்திருப்பது நாலு போல்ட். போட்டிக்கு முந்தைய நாள் சண்டி அந்த நாலையும் முதலில் கையால் திருகிவிட்டு, டார்க் ரென்ச் எடுக்கத் திரும்பினாள். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு இறுகியதும் 'டக்' என்று சொல்லும் கருவி அது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஏதோ ஒரு கம்பெனி, பணம் தருகிற மாதிரிப் பேசினார்கள். இருபது நிமிடம் நடந்துகொண்டே பேசினாள். பேசி முடித்த சந்தோஷத்தில் நாலு போல்ட்டையும் மறந்தாள். மறுநாள் எழுபதாவது கிலோமீட்டரில், மேட்டிலிருந்து இறங்கும்போது ஹேண்டில்பார் அவள் கையோடு சுழன்று வந்தது. வலது தொடையெலும்பு இரண்டு துண்டு. கம்பெனி பணமும் தரவில்லை.

அந்தக் கோபம் அவளுக்கு இன்றுவரை தீரவில்லை, ஏனென்றால் அதில் அடிக்க வேறு ஆளில்லை. தப்பு முழுக்க அவளுடையது.

நாலு மாதம் படுக்கை. அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர், வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில். பார்த்துக்கொண்டது அண்ணி. அண்ணிக்கு வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலி போட்ட பியூட்டி பார்லர். பேச்சு குறைவு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஊரே சொல்லிவைத்திருக்கிறது, இவர்கள் என்னவோ பதினாலு வருடமாகச் சண்டை போட நேரமில்லாமல் இருந்தார்கள்.

கால் கூடி, சண்டி மறுபடி கொட்டகைக்குள் நொண்டிக்கொண்டே போன அன்று அண்ணி பின்னாலேயே வந்தாள். போகாதே என்பாள் என்று சண்டி பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அண்ணி அதைச் சொல்லவில்லை. கையிலிருந்த இரண்டு நெயில் பாலிஷ் புட்டிகளை மேசையில் வைத்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று வான நீலம்.

"பார்லர்ல ரெண்டு கோட்டு அடிக்காம யாரையும் எழுப்பி அனுப்ப மாட்டேன். இங்கயும் அப்படித்தான். நீ முறுக்கினதும் சிவப்பு வை. நான் ஒருதடவ ரென்ச்சப் போட்டுப் பாத்துட்டு நீலம் வெக்கறேன். வெச்சு முடிக்கற வரைக்கும் எவன் போன் பண்ணாலும் எடுக்கக் கூடாது."

பட்டறைக்காரர்கள் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்து வைப்பது உண்டு. போல்ட் துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரண்டு பேர் கையால் இரண்டு கோடு என்பது அண்ணியின் சட்டம். வண்டியில் மொத்தம் நூற்று எழுபத்து மூன்று இடம். அண்ணி ரென்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். புருவம் திருத்துகிற கை, அதற்குப் பதற்றமே கிடையாது. ஹேண்டில்பாரின் நாலு போல்ட்டை மட்டும் எப்போதும் கடைசியாக வைத்துக்கொள்வார்கள். யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது.

இந்த வருடம், கடைசியில், ஒரு மெத்தை கம்பெனி மாட்டியது. அதன் விளம்பர மேலாளர் அத்தர் வாசனையோடு வந்து, "பாலைவனம்னா மணல். மணல்னா மெத்து. மெத்துன்னா நாங்க!" என்று தன் கண்டுபிடிப்பைத் தானே ரசித்தார். போட்டியில் இடத்தை உறுதி செய்கிற கடைசித் தவணையை அவர்களே நேராகக் கட்டிவிடுவார்கள், வண்டி கன்டெய்னரில் ஏறுகிற அன்று. பதிலுக்கு வண்டி முழுக்க அவர்கள் ஸ்டிக்கர், ஒரு நாள் போட்டோ, ஒரு மணி நேரம் வீடியோப் பேட்டி. பெட்ரோல் டேங்கில் பெரிய எழுத்தில் அவர்களுடைய வாசகம் வரும். அது என்ன வாசகம் தெரியுமா? 'விழுந்தாலும் சுகம்!'

தொடையில் பதினைந்து அங்குலக் கம்பி வைத்திருக்கிற ஒருத்தி, அந்த வாசகத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் ஓட்ட வேண்டும். சண்டி கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் போட்டாள்.

வண்டி ஏறுவதற்கு முந்தைய நாள் காலையில் மெத்தைக்காரர் வேன் அனுப்பி வண்டியை அவர்களுடைய ஷோரூமுக்கு எடுத்துப் போனார். "ஸ்டிக்கர் ஒட்டி நாலு போட்டோ எடுக்கறோம், அவ்வளவுதான் மேடம்." சண்டி, "எதையும் தொடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கோடுகளைப் பற்றிச் சொல்லவில்லை. அதையெல்லாம் அழுக்கு என்று ஒரு மனிதன் நினைப்பான் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு வேன் திரும்பி வந்தது. வண்டியை இறக்கினார்கள். தங்கம் போல ஜொலித்தது. சண்டிக்கு முதலில் என்ன குறைகிறது என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஒரு கோடு, பெயருக்கு ஒரே ஒரு கோடுகூட மிச்சமில்லை.

"எங்கெங்கயோ சாயம் சொட்டிக் கிடந்துச்சு மேடம், தின்னர் போட்டு நீட்டாத் தொடச்சாச்சு" என்றார் கூட வந்த அலங்கார வேலைக்காரர். பாராட்டுக்காகக் காத்து நின்றார். "பின்சக்கரத்தக் கழட்டி ரிம்மெல்லாம் பாலிஷ் போட்டிருக்கோம். இங்க பாருங்க, மொக்க போல்ட்டு நாலு இருந்துச்சு, எடுத்துட்டு கோல்டு கலர் போட்டிருக்கோம். கேமராவுல தூக்கலா இருந்துச்சு."

ஹேண்டில்பாரின் நாலு போல்ட். எஃகை எடுத்துவிட்டு, அழகுக்கு விற்கிற அலுமினியத்தைப் பூட்டியிருந்தார்கள்.

சண்டி கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவன் தரையையும் துடைத்துவிட்டு நல்ல பெயர் கேட்கிறான்.  கையில் இருந்த ஸ்பானரை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தாள், கையில் இருந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"அண்ணீ!" என்று கூப்பிட்டாள்.

அண்ணி பார்லரிலிருந்து ஈரக் கையோடு வந்து வண்டியைப் பார்த்தாள்.  போய்ப் பார்லர் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு புட்டியோடு திரும்பி வந்தாள்.

கணக்கு இதுதான். துறைமுக யார்டில் கன்டெய்னர் கதவு நாலு மணிக்கு மூடும். அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்து, அதில் போனால் போட்டி முடிந்த பிறகுதான் வண்டி போய்ச் சேரும். யார்டுக்கு ஒரு மணி நேரப் பயணம், ஆகவே மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். போட்டி நடக்கிற ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. அந்த ஊரில் இறங்கிய வண்டி நேரே பூட்டிய மைதானத்துக்குள் போய்விடும், புறப்படுகிற அன்று காலையில்தான் கைக்கு வரும். நூற்று எழுபத்து மூன்று போல்ட்டையும் இங்கேயே, இப்போதே, முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். நடுவில் தலை நிமிராமல் செய்தால் இரண்டரைக்கு முடியும்.

ஆரம்பித்தார்கள். சண்டி ரென்ச்சைப் போட்டாள், டக். சிவப்பு. அண்ணி போட்டாள், டக். நீலம்.

பதினோரு மணிக்கு மெத்தைக்காரர் வந்தார். பின்னால் கேமராக்காரர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு முழு இரட்டை மெத்தையைப் பாலிதீன் உறை பிரிக்காமல் சுமந்துகொண்டு வந்தார்கள். அது கொட்டகை வாசலில் மடங்கி, சண்டியின் சாமான் அலமாரியில் இடித்து, ஒரு டப்பா நட்டைக் கொட்டிவிட்டு, ஒருவழியாக வண்டிக்கு முன்னால் படுத்தது.

"மேடம், நீங்க இதுல உக்காந்து பேசறீங்க. பின்னால வண்டி. அந்த ஆக்சிடென்ட்டச் சொல்றீங்க, அப்படியே கண்ணு கலங்குது. அங்க நம்ம மியூசிக் ஏத்தறோம்."

"இப்ப முடியாது. உங்க ஆளு வண்டியப் பிரிச்சு மேஞ்சிருக்காரு. எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்."

"நெயில் பாலிஷ்தான மேடம்? அப்புறமா அடிச்சுக்கலாமே."

சண்டி அவரைப் பார்த்தாள். கண்ணில்லாதவனிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசலாம், அவனுக்கு இல்லை என்பதாவது தெரியும். இவரிடம் என்ன பேசுவது?

"மூணு மணிக்கு வண்டிய ஏத்தி அனுப்பிட்டு வந்து ராத்திரி பூரா பேசறேன். அழச் சொன்னாலும் அழறேன்."

"கேமரா ரெண்டு மணி வரைக்கும்தான் மேடம். வண்டி இல்லாமப் பேட்டி எடுத்து என்ன பண்றது? வீடியோ கைக்கு வந்தாத்தான் மேலிடத்துல பணத்த விடுவாங்க. ஒப்பந்தத்துலயே இருக்கு."

"அப்ப நாங்க வேல செய்யறத எடுத்துக்கங்க. இதுதான் ரேஸ். இதுதான் என் பொழப்பு."

"ஜனங்களுக்கு நட்டு போல்ட்டெல்லாம் வேண்டாம் மேடம். ஃபீலிங் வேணும்."

சண்டி மறுபடி வண்டிமேல் குனிந்தாள். டக். சிவப்பு. டக். நீலம். மெத்தைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பாலிதீன் உறைமேல் வெயில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. நேரம் பன்னிரண்டு ஆனது, பன்னிரண்டரை ஆனது. அவர் மேலிடத்துக்குப் போன் செய்தார், மறுபடி வந்து கெஞ்சினார், கொஞ்சம் மிரட்டினார், மறுபடி கெஞ்சினார். நூற்று ஐந்து முடிந்தது.

நூற்று ஆறாவது, பின்சக்கர அச்சின் பெரிய நட். சண்டி ரென்ச்சை மாட்டினாள். டக் என்று சொல்லவில்லை. அது பாட்டுக்குச் சுற்றியது. ரென்ச்சை எடுத்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். பாட்டில் மூடி மாதிரித் திரும்பியது. பாலிஷ் போட்டவர்கள் சக்கரத்தை மாட்டிவிட்டுக் கையால் திருகியதோடு போய்விட்டார்கள்.

"இங்க வாங்க" என்றாள்.

மெத்தைக்காரர் வந்தார்.

"ரெண்டு விரல வைங்க. திருப்புங்க."

திருப்பினார். திரும்பியது. அவர் முகம் வெளுத்துப்போனது. ஓடும்போது பின்சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. குனிந்து அந்த நட்டையே பார்த்தார். இவருக்கும் உறைத்துவிட்டது என்று சண்டி நினைத்தாள். ஒரு நிமிடம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

"மேடம்," என்றார் மெத்தைக்காரர் மெதுவாக, "இத இன்னொரு தடவ லூஸ் பண்ணி, நீங்க முதல்தடவ கண்டுபிடிக்கற மாதிரி பண்ண முடியுமா? கேமரா இந்தப் பக்கம் வரட்டும்."

வெடித்தது சண்டி இல்லை. அண்ணி.

"யோவ்!"

பதினாலு வருடத்தில் அந்தக் குரலைச் சண்டி கேட்டதில்லை. கேமராக்காரரே ஒரு அடி பின்னால் போனார்.

"மனுஷனாய்யா நீ? அது கழண்டா இவ செத்துடுவாய்யா! உனக்கு அது திரும்பத் திரும்ப வேணுமா? விழுந்தாலும் சுகமா? நாலு மாசம் இவ விழுந்து கெடந்தா. நான் இருந்தேன். பீ மூத்திரம் அள்ளினேன். தல குளிப்பாட்டி விட்டேன். வலில என் கையக் கடிச்சா, இந்தா பாரு, தழும்பு பாரு. இவளுக்குத் தெரியக் கூடாதுன்னு பார்லர்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவேன். போகாதேன்னு சொன்னா கேக்கற ஜென்மமா இது? சண்டி! அதான் சொல்லல. ஒவ்வொரு போல்ட்டுலயும் நீலத்த வெக்கறப்ப, இது கழண்டா செத்துடுவா, இது கழண்டா செத்துடுவான்னு நூத்தி எழுபத்திமூணு தடவ மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான்யா வெக்கறேன். அத நீ தின்னர் போட்டுத் தொடச்சிருக்க!"

 அண்ணி நீலப் புட்டியைப் படக்கென்று மூடினாள்.  இது ஒன்றுமே சண்டிக்குத் தெரியாது. அண்ணிக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது.

அப்போதுதான் கேமராவில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

மெத்தைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே கலங்கியிருந்தார், அதுதான் கொடுமை. "இதான்! இதத்தான் நான் கேட்டேன்! அக்கா, என்ன ஒரு ஃபீலிங்! மேடம், உங்க பேட்டியே வேண்டாம். இந்த ஒரு நிமிஷம் போதும். கடைசில நம்ம வாசகத்தப் போட்டோம்னா நாடே அழும். நீங்க உங்க வேலயப் பாருங்க, இப்பவே பணத்தக் கட்டச் சொல்லிடறேன். அக்கா ஒரே ஒரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அண்ணி மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தாள். தாளைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "போட்டா இவ போயிடலாமா?"

"கண்டிப்பா!"

"எங்க போடணும்?"

இந்த இடத்தில் சண்டியைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மூச்சு விடுகிற நேரம், ஒரே ஒரு மூச்சு, அண்ணி போட்டுவிடட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எத்தனை வருடம், எத்தனை வரவேற்பறை. ஒரு கையெழுத்துதானே, அண்ணி தானாகவேதானே போடுகிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வந்த கோபம், மெத்தைக்காரர்மேல் வந்த கோபத்தைவிட நாலு மடங்கு இருந்தது.

அவள் தாளை வாங்கினாள். அதில் தன் கையின் கிரீஸைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, நக இடுக்கு உட்பட, நிதானமாகத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க அண்ணி விக்கறதுக்கு இல்ல."

"மேடம், ஒப்பந்தம்..."

"ஒப்பந்தத்துல என் பேருதான் இருக்கு, அவங்க பேரு இல்ல. எடுத்ததக் கேமராவுலேருந்து அழிங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

கேமராக்காரர் மேலாளரைப் பார்த்தார், சண்டியைப் பார்த்தார், அழித்தார். அவருக்கும் வீட்டில் ஒரு அண்ணி இருந்திருக்கலாம்.

சண்டி டேங்கில் இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தாள். 'விழுந்தாலும்' வந்துவிட்டது. 'சுகம்' பிசின் பிடித்து வர மறுத்தது. கையோடு வந்ததை உருட்டி மெத்தைக்காரரின் சட்டைப் பையில் போட்டாள். "மீதிய வேணும்னா தின்னர் போட்டுத் தொடச்சுக்கங்க. அதுலதான் உங்காளு கெட்டிக்காரராச்சே."

"அவசரப்பட்டுட்டீங்க மேடம். இனிமே உங்களுக்கு யாரு தருவாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் போனார். மெத்தை தூக்கி வந்த இருவரும் எப்போதோ டீ குடிக்கப் போயிருந்தார்கள். மெத்தை அங்கேயே கிடந்தது.

சண்டி தரையில் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு வேண்டியிருந்த அழுகை ஒன்றேகாலுக்கு வந்தது. எடுக்க ஆளில்லை. நன்றாக, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதாள். அவன் சொன்னது நிஜம்தானே, இனி யார் தருவார்கள்? மூன்றாவது வருடமும் போயிற்று. ஏறியது சாண், சறுக்கியது முழம்.

அண்ணி தலையைத் தடவிக்கொடுக்கவில்லை. உறை பிரிக்காத மெத்தையை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கீழ்ப்பக்கத்து போல்ட்டுகள் கண்ணுக்கு நேராக இருந்தன.

"மெத்த என்னவோ நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எந்திரி. இன்னும் அறுபத்தெட்டு இருக்கு."

"எதுக்கு அண்ணி? வண்டிதான் போகலியே."

"போகுதோ போகலியோ. பாதில விட்டுட்டுப் போறது உன் வேல. எனக்கு அது ஆகாது."

இந்தப் பேச்சுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுந்தாள். அச்சு நட்டைப் பிடித்து இறுக்கினாள். டக். சிவப்பு. அண்ணி வாங்கிப் போட்டாள். டக். நீலம்.  பார்லர் கதவை யாரோ தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அலுமினிய போல்ட் நாலையும் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, தகர டப்பாவிலிருந்து எஃகு போல்ட் நாலைத் தேடி எடுத்துவைத்தாள் சண்டி.

இரண்டு நாற்பதுக்கு ஹேண்டில்பாருக்கு வந்தார்கள். முதல் போல்ட், டக், சிவப்பு, டக், நீலம். இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதைச் சண்டி கையால் திருகிவிட்டு ரென்ச்சை எடுக்கத் திரும்பினாள்.

போன் அடித்தது. மெத்தைமேல், அண்ணியின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்து அதிர்ந்தது. அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"மெத்தக்காரன்" என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு இன்னும் பதினாலு நிமிடம் இருந்தது. "மனசு மாறியிருப்பானோ என்னவோ."

சண்டி போனைப் பார்த்தாள். ஆறு தடவை அடித்தது, ஏழு தடவை அடித்தது. எடுத்துக் கொடுக்க அண்ணியின் கை பாதி வரை நீண்டது. அவள் கண்ணில் இருந்தது ஆசையா, பயமா என்று சண்டிக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு, சண்டி ரென்ச்சை போல்ட்டில் மாட்டினாள்.

அண்ணி கையை இழுத்துக்கொண்டு, நீலப் புட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.